தும்பு சுற்றிய குழாய்

கோலப்பனின் வீட்டை ஊர்க்காரர்கள் ரயில்வீடு என்பார்கள். தடிக்காரன்கோணம் தாண்டி கீரிப்பாறைக்கு ஏறுகிற ரோட்டோரம், மலைச்சரிவை வெட்டி எடுத்த துண்டு நிலம். அகலத்துக்கு இடம் கிடையாது, நீளத்துக்குத்தான் உண்டு. கோலப்பன் மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலில் குழாய் வேலை பார்த்தவர். விடுப்பில் வரும்போதெல்லாம் ஒரு முறி, அதாவது ஓர் அறை, கட்டிச் சேர்த்துவிட்டுப் போனார். கிழக்கே அடுக்களை, அதை ஒட்டி ஒரு முறி, அப்பால் மற்றொன்று, பிறகு மகள் ரேஷ்மிக்கு ஒன்று, கடைசியாக மேற்குக் கோடியில் குளிமுறி. அடுக்களையில் நின்று கூப்பிட்டால் குளிமுறியில் நிற்பவருக்குக் கேட்காது.

ஹீட்டர் இருந்தது அடுக்களைச் சுவரில். கனத்த வயர் அதுவரைதான் இழுத்திருந்தார்கள். அங்கிருந்து சுடுவெள்ளக் குழாய், பின்சுவரின் வெளிப்பக்கமாக, கூரைச் சாய்ப்புக்குக் கீழே வீட்டின் நீளம் முழுக்க ஓடிக் குளிமுறிக்குள் நுழைந்தது.

கோலப்பனின் மனைவி தங்கலீலா அரசு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரி. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலையேறுவாள். மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவி, பால் ஒழுக வழி விட்டு, கடைசி மரத்துக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் வந்திருக்கும். பிறகு மறுபடி முதல் மரத்திலிருந்து தொடங்கி, நிறைந்த பாலை வாளியில் வடித்துத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கணும். காலில் அட்டை கடித்த இடத்திலெல்லாம் ரத்தம் வடிந்து உறைந்திருக்கும். விரல்களில் பால் காய்ந்து தோல் மாதிரி உரியும். மத்தியானம் வீட்டுக்கு வந்து சேரும்போது முட்டு இரண்டும் மடங்காது. சுடுவெள்ளத்தில் குளித்தால்தான் மறுநாளைக்கு அந்த முட்டு வேலை செய்யும்.

குழாயைத் திறந்தால் முதலில் வருவது சூடில்லாத பச்சைவெள்ளம். ஒரு வாளி நிறையும்வரை அதுதான். பிறகு வெதுவெதுப்பு. அதற்கப்புறமே சூடு. முதல் வாளியை வாழைமூட்டில் கொண்டு கொட்டுவாள். குளித்து முடித்துக் குழாயை அடைத்தால், காய்ச்சிய வெள்ளம் குழாயின் நீளத்துக்கும் நின்று யாருக்கும் உதவாமல் ஆறும். மறுநாள் அதையும் வாழைக்கே கொடுக்கணும். வாழை நல்ல குலை தள்ளியது. வீட்டில் ஹீட்டர் வைத்தது வாழைக்குத்தான் என்று தங்கலீலா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள்.

போன வருசம் கோலப்பன் மஸ்கட்டை முடித்துக்கொண்டு ஊரோடு வந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். மனைவி வாளி தூக்கிக்கொண்டு வாழைக்குப் போவதை ஒரு வாரம் பார்த்தார். ஓட்டலில் இப்படிக் கிடையாது என்றார். அங்கே சுடுவெள்ளம் கடைசி அறைவரை போய், வேறொரு குழாய் வழியாகத் திரும்பி ஹீட்டருக்கே வந்து சேரும். சின்னப் பம்பு ஒன்று ராவும் பகலும் அதை ஓட்டிக்கொண்டே இருக்கும். எந்த அறையில் யார் எப்போது திறந்தாலும் முதல் சொட்டே சூடு. தரையில் கொட்டுகிற வேலையே இல்லை. நம் வீட்டிலும் அதைச் செய்துவிடலாம் என்று நாகர்கோவிலுக்குப் போய்க் கைக்கடக்கமான ஒரு பம்பும் குழாயும் வாங்கி வந்தார்.

திரும்பி வருகிற குழாயைப் பதிக்கும்போது ஒரு இடைஞ்சல். அடுக்களைக்குப் பின்னால் வெளியடுப்பு ஒன்று கிடந்தது. நெல் அவிக்கவும், பெரிய அண்டாவில் வெள்ளம் காய்ச்சவும் உள்ள மண்ணடுப்பு. குழாய் அதன் நெஞ்சு வழியாகப் போக வேண்டியிருந்தது. கோலப்பன் யோசிக்கவில்லை. கடப்பாரையால் இரண்டு இடி இடித்தார். தங்கலீலா தோட்டத்திலிருந்து வந்து பார்த்தபோது அடுப்பு இருந்த இடத்தில் சிமென்ட் பூசியிருந்தது. இனி அடுப்பு எதுக்கு என்று கேட்டார். அவள் குளிக்கப் போனாள்.

குழாயைத் திறந்ததும் ஆவி பறந்தது. வாளியோடு அப்படியே கொஞ்சநேரம் நின்றாள். அன்று சோற்றுக்கு உட்கார்ந்தபோது சாளைமீன் கறியில் நடுத்துண்டெல்லாம் கோலப்பனின் தட்டில் கிடந்தது.

ஐப்பசி மழை தொடங்கியபிறகு அவளுக்கு அந்தக் குழாய்மேல் இன்னும் பிரியம் கூடியது. துணி காயாத காலம். பின்சுவரில் ஓடும் இரண்டு குழாய்களின்மேல் உள்பாவாடையையும் துண்டையும் விரித்துப் போட்டால் சாயங்காலத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்தன. வீட்டுப் பூனையும் அதைக் கண்டுபிடித்துவிட்டது. மழை விழாத இடமாகப் பார்த்துக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் முதுகைக் கொடுத்துப் படுத்தால் சாப்பாட்டுக்குத்தான் எழும். கோலப்பன் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரை இரண்டு தடவை பார்த்தார். வீட்டில் மாவு மில்லு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

அன்றுதான் தங்கலீலா ஹீட்டரை நிமிர்ந்து பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குளித்து நேரமாயிற்று. பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து பார்த்தாள், எரிந்தது. மரச்சீனிக்கிழங்கு வெட்டி உலையில் போட்டபிறகும் எரிந்தது. ஒரு சொட்டுச் சுடுவெள்ளம்கூட யாரும் எடுக்கவில்லை. அவள் பின்பக்கம் போனாள். மழைச்சாரல் குழாயில் பட்டு ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடியது. சுவரில் கையை வைத்தாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.

"இஞ்ச வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள். "இது வெள்ளம் காய்ச்சுததுக்கா வச்சீங்க, செவுரு காய்ச்சுததுக்கா?"

"ஏட்டி, நீதான துணி காயுதுன்னு சந்தோசப்பட்ட."

"எனக்க பாவாடைய காயப்போடவும் பூச்சைக்க முதுக சூடாக்கவும் இம்புட்டு கரண்டா? ஆரல்வாய்மொழியில கரண்டு எடுக்கச் சுத்துத காத்தாடி பூராவும் நம்ம வீட்டுக்குத்தான் சுத்துதுபோல."

கோலப்பன் குழாயைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குத் தன் தப்பு உடனே விளங்கியது. ஓட்டலில் அந்தக் குழாய்களைச் சும்மா விடுவதில்லை. கறுப்பு ரப்பர் உறை போட்டுத்தான் கொண்டுபோவார்கள். சூடு வெளியே போகாது. அதை மறந்துவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போதே முகம் தெளிந்துவிட்டது. ரப்பர் மலையில் உட்கார்ந்துகொண்டு ரப்பர் வாங்கக் கடைக்குப் போவானேன்?

வீட்டுக்குப் பின்னால் அவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் மரம் உண்டு. அந்தப் பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் நெரித்து, ஷீட்டாக்கிக் கொட்டகைக் கொடியில் தொங்க விட்டிருந்தார்கள். மழையில் ஒன்றும் சரியாகக் காயவில்லை. கோலப்பன் அந்தப் பச்சை ஷீட்டுகளை இறக்கிப் பட்டை பட்டையாகக் கீறிக் குழாயின் நீளத்துக்கும் சுற்றிக் கட்டினார். முதுகு நிமிர்த்த முடியாத வேலை. முடித்தபோது குழாய் மலைப்பாம்பு மாதிரி பருத்துக் கிடந்தது. பூனை வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, படுக்காமல் போய்விட்டது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அந்த வாரத்திலேயே ரேஷ்மிக்கு நாகர்கோவில் ஆசுபத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது.

ரேஷ்மியைக் கட்டிக்கொடுத்தது ஈத்தாமொழியில். மாப்பிள்ளை ரதீஷ் குவைத்தில். ரதீஷின் அம்மா முத்துக்கனி ஊரில் பேர்போனவள். வீட்டில் தேங்காய் மட்டை நாரிலிருந்து தும்பும் கயிறும் தயாரிக்கிற களம் உண்டு. அதைவிட அவளுக்குப் பேர், பிள்ளை பெற்ற பெண்களைக் குளிப்பாட்டுவதில். நொச்சியும் புளியிலையும் ஆமணக்கிலையும் போட்டுக் கொதிக்க வைத்த வேதுவெள்ளத்தை, உடம்பு தாங்குகிற சூட்டில் இடுப்பில் அடித்து ஊற்றுவாள். அவள் கைபட்ட பெண்களுக்கு இடுப்புவலி கிடையாது என்று அந்தப் பக்கம் பேச்சு. எல்லாம் கூலிக்கு அல்ல, கைராசிக்கு.

பிள்ளையைப் பார்த்துவிட்டு வார்டுக்கு வெளியே நின்று இரண்டு சம்மந்திகளும் சாயா குடித்தபோது முத்துக்கனி பேச்சை எடுத்தாள்.

"மைனி, வருத்தப்படாதீங்க. ஒங்க பக்கம் மழ தோரவே மாட்டேங்குது. நீங்க வெட்டுக்கும் போவணும். வெளியடுப்பையும் அண்ணன் ஒடச்சுப் போட்டுட்டாருன்னு ரேஷ்மி சொன்னா. பெத்தவளையும் பிள்ளையையும் நான் ஈத்தாமொழிக்கே கூட்டிட்டுப் போறேன்."

தலைப்பிள்ளைப் பேறு அம்மா வீட்டில்தான். அதற்காகவே தங்கலீலா லீவு சேர்த்து வைத்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயமருந்துக்குச் சாமான் வாங்கி இடித்துச் சலித்தாயிற்று. கருப்பட்டி வாங்கிப் பானையில் அடைத்தாயிற்று. மகள் படுக்கிற முறிக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. ஈத்தாமொழிக்குப் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போய், விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பணும்.

"மொதப் பேறு அம்மைக்க வீட்டுலதான மைனி" என்றாள்.

"மொறைய மாத்தணும்னு நான் சொல்லல்ல. வெள்ளத்த நெனச்சுத்தான் சொல்லுதேன். ஒரு வாளி முடிஞ்சு அடுத்த வாளிக்குக் குழாயத் தொறக்கும்போ பச்சவெள்ளம் பீச்சி அடிச்சு பெத்த ஒடம்புல விழுந்துதுன்னு வையுங்க. சன்னி புடிக்கும். நான் கண்டிருக்கேன்."

எங்கள் வீட்டில் முதல் வெள்ளமே சூடாக வரும், அவர் மஸ்கட் ஓட்டல் மாதிரி செய்து வைத்திருக்கிறார் என்று தங்கலீலா சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே தன் குரல் கெஞ்சுவது போலிருந்தது. முத்துக்கனி கிளாசைக் கீழே வைத்தாள்.

"அப்பிடின்னா நாளைக்கு வந்து பாக்கேன். ஒங்க வீட்டுக் குளிமுறி எனக்குப் புடிச்சுதுன்னா பிள்ள அங்க வரட்டும். புடிக்கல்லன்னா நீங்க ஒண்ணும் சொல்லப்பிடாது."

மறுநாள் மழை விட்டுவிட்டுப் பெய்தது. தங்கலீலா வெட்டுக்குப் போகவில்லை. குளிமுறியை உரசிக் கழுவினாள். கோலப்பன் குழாயைத் திறந்து பார்ப்பதும் அடைப்பதுமாக இருந்தார். மரச்சீனி அவித்து, சாளை வாங்கி மிளகு அரைத்துக் குழம்பு வைத்தாயிற்று.

முத்துக்கனி கீரிப்பாறை பஸ்ஸிலிருந்து குடையோடு இறங்கினாள். முற்றத்தில் கால் வைத்ததும் நின்றாள். மூக்கு சுருங்கியது. சேலைத் தலைப்பை எடுத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். வீட்டுப்பக்கம் எலி ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டாள். எலியா என்று கோலப்பன் அங்கும் இங்கும் பார்த்தார்.

அவள் நேரே குளிமுறிக்குப் போனாள். கை மணிக்கட்டைக் குழாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டு திறந்தாள். முதல் வெள்ளமே சூடு. கையை இழுத்துக்கொண்டாள். அடைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி திறந்தாள். சூடுதான். வாசலில் நின்ற கோலப்பன் மனைவியைப் பார்த்தார். தங்கலீலா மூச்சு விட்டாள்.

ஆனால் முத்துக்கனி தலைப்பை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. பின்கதவைத் திறந்து வெளியே போனாள். பின்சுவரின் நீளத்துக்கும் பழுப்பு நிறத்தில் என்னவோ தொங்கியது. சூட்டில் இளகி, பிசினாக நூல் விட்டு, பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது.

"இது என்னதுண்ணே?"

ரப்பர் என்றார் கோலப்பன். சூடு வெளியே போகாமலிருக்கச் சுற்றியிருப்பதாக விளக்கம் சொன்னார். ஓட்டலில் இருந்தது வேறு ரப்பர், இது காயாத ஷீட்டு என்பது அவருக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. அரைகுறையாகக் காய்ந்த ஷீட்டு சூட்டில் அழுகும். அழுகினால் என்ன நாற்றம் நாறும் என்பது மலைக்குக் கீழே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். மலையில் இருக்கிற யாருக்கும் தெரியாது.

"அண்ணே, இந்த நாத்தத்துலயா பச்சப்பிள்ள கெடக்கணும்?" என்றாள் முத்துக்கனி. "சூடு வருது, ஒத்துக்கிடுதேன். ஆனா குளிமுறிக்குள்ள நிக்கப்பிடிக்கல்ல. நான் அவள ஈத்தாமொழிக்குக் கொண்டு போறேன்."

கோலப்பன் தலை குனிந்தார். தங்கலீலா குனியவில்லை.

"நாத்தமா? இந்த நாத்தத்துலதான் ஒங்க மருமவ பெறந்தா. இதுலதான் வளந்தா, காலேஜுக்குப் போனா. இந்த நாத்தத்தச் சொமந்துதான் நான் அவளக் கெட்டிக் குடுத்தேன். கல்யாணத்துக்கு ஒங்க வீட்டுக்கு வந்தன்னைக்கு பக்கத்துக் குளம் பூரா கதம்பல் அழுவிக் கெடந்துது. பந்தியில எனக்கு சோறு எறங்கல்ல. நான் ஒரு வார்த்த பறஞ்சனா மைனி?"

மழைச்சாரல் மூன்று பேரின் மீதும் விழுந்தது. முத்துக்கனி கோபப்படுவாள் என்று கோலப்பன் எதிர்பார்த்தார். அவள் தலைப்பை மெதுவாகக் கீழே இறக்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"கதம்பல் நாறுமா?"

"நாறாதா பின்ன? தேங்கா மட்டைய மாசக்கணக்குல வெள்ளத்துல போட்டு அழுவ வச்சா மல்லியப்பூ மணமா வரும்?"

"எங்களுக்கு அப்பிடி ஒண்ணும் தெரியல்லியே மைனி."

"எங்களுக்கும் இது தெரியல்ல."

கோலப்பன் தன் சட்டைக் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். அதைப் பார்த்துத்தான் முத்துக்கனிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தங்கலீலாவுக்குச் சிரிக்க மனம் வரவில்லை. ஆனால் வாய் தானாகக் கோணியது. உள்ளே வந்து உட்காருங்க, கிழங்கு ஆறுது என்றாள்.

மரச்சீனியும் சாளைக்குழம்பும் முத்துக்கனிக்குப் பிடித்தன. இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். தின்றுகொண்டே காது கொடுத்துக் கேட்டாள். எங்கோ ஒரு வண்டு இரைகிற மாதிரி சத்தம். அது என்ன என்றாள். பம்பு என்றார் கோலப்பன்.

"இப்ப யாரு குளிக்கா?"

"யாரும் குளிக்கல்ல தங்கச்சி."

"பின்ன எதுக்கு ஓடுது?"

ஓட்டலில் எப்போதும் ஓடும் என்று கோலப்பன் சொல்ல ஆரம்பித்தார். அங்கே எந்நேரமும் எவனாவது ஒருத்தன் குளித்துக்கொண்டிருப்பான். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பார்கள்?

குளிக்கப் போகும்போது மட்டும் பம்பு ஓடினால் போதும். அதற்காகக் குளிக்கப் போகிறவர் அடுக்களைக்கு வந்து பம்பைப் போட்டுவிட்டு, வீட்டின் நீளத்தை நடந்து போய்ப் பார்த்து, மறுபடி வந்து நிறுத்த முடியாது. போட்டால் மறந்துவிடுவார்கள். குளிமுறி வாசலிலேயே ஒரு சுவிட்சு வேண்டும். அதுவும் கையை எடுத்தால் தானாக நிற்கிற சுவிட்சாக இருக்க வேண்டும் என்றார் கோலப்பன். தங்கலீலா முன்வாசலைக் காட்டினாள். அங்கே காலிங்பெல் சுவிட்சு ஒன்று உண்டு. வீடு கட்டியபோது ஆசைப்பட்டு வைத்தது. ஒருத்தரும் அமுக்கியது கிடையாது. ரோட்டிலிருந்தே கூவி விளிக்கிற ஊரில் யார் மணி அடிப்பார்கள்? தபால்காரர்கூட வளைவில் வரும்போதே கத்திக்கொண்டுதான் வருவார்.

சூடு வெளியே போகாமலிருக்கக் குழாய்க்கு என்ன செய்வது என்ற கேள்விக்கு முத்துக்கனியே போனை எடுத்தாள். களத்தில் நல்லாக் காய்ந்த தும்பு கிடக்கிறது, கூடவே கயிறும் எடுத்துக்கொண்டு ஆட்டோவை அனுப்பு என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் என்னவோ கேட்டார். பிள்ளைக்குத்தான் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆட்டோ வருவதற்குள் ரப்பரை உரித்தாக வேண்டும். அது உரிந்து வந்தால்தானே. விரலில் ஒட்டியது, கத்தியில் ஒட்டியது, கோலப்பனின் மீசையில் ஒட்டியது. தங்கலீலா வெட்டுக்கத்தியை எடுத்து வந்து, மரப்பட்டையைச் சீவுவது போலக் குழாய்க்கு நோகாமல் சீவி எடுத்தாள். முத்துக்கனி பழைய துணியால் துடைத்துக்கொண்டே பின்னால் வந்தாள். மூக்கைப் பொத்த அவளுக்குக் கை ஒழியவில்லை.

தும்பு வந்ததும் வேலை அவள் கைக்குப் போனது. கொத்துக் கொத்தாகப் பிய்த்து, உதறி, குழாய்மேல் பஞ்சு மாதிரிப் படர வைத்து, மேலே கயிற்றை இறுக்கிச் சுற்றிக்கொண்டே போனாள். கயிறு அவள் கையில் தானாக ஓடுவது போலிருந்தது. குழாய் வளைகிற இடங்களில் மட்டும் கோலப்பன் பிடித்துக் கொடுத்தார். ஆனால் தும்பு நனைந்தால் பயனில்லை. சாரல் அடிக்கிற சுவர். தங்கலீலா தோட்டத்தில் செய்வதையே இங்கும் செய்தாள். மழைக்காலத்தில் வெட்டு நின்றுபோகாமலிருக்க ரப்பர் மரத்தின் இடுப்பில் பாவாடை மாதிரி பிளாஸ்டிக்கைக் கட்டி, மேல்விளிம்பில் தார்ப்பசை தேய்த்து ஒட்டுவார்கள். மிச்சம் வந்த பிளாஸ்டிக் வீட்டில் கிடந்தது. தும்புக்குமேல் அதைச் சுற்றி, சேர்கிற இடத்திலெல்லாம் பசையைத் தேய்த்தாள். ஒருத்தி சுற்றிக்கொண்டே முன்னால் போக, மற்றவள் மூடிக்கொண்டே பின்னால் வந்தாள். பேச்சு முழுக்க ரேஷ்மியின் பிள்ளைக்கு யாருடைய மூக்கு என்பதைப் பற்றி. அதில் மட்டும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

பொழுது சாயும்போது கோலப்பன் காலிங்பெல் சுவிட்சைப் பிடுங்கிக் குளிமுறி வாசலில் பொருத்தி, பம்புக்கு வயர் இழுத்திருந்தார். முத்துக்கனி அமுக்கினாள். தூரத்தில் வண்டு இரைந்தது. அமுக்கிய கையை எடுக்காமல், மறுகையால் வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள். அது கன்னத்தில் ஒதுங்கும் நேரத்தில், குளிமுறிக்குள்ளிருந்து திரும்பிப் போகும் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்த தங்கலீலா, வந்தாச்சு என்றாள். முத்துக்கனி கையை எடுத்தாள். வண்டு நின்றது. குழாயைத் திறந்தார்கள், சூடு. ஒரு கை வெள்ளம்கூட வீணாகவில்லை.

அப்படியும் முத்துக்கனி வாக்குக் கொடுக்கவில்லை. குளியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஆட்டோவில் ஏறிப் போனாள். அவள் போனபிறகு தங்கலீலா ஹீட்டரைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. கஞ்சி குடிக்கும்போது பார்த்தாள், அணைந்தே இருந்தது. பின்சுவரில் கைவைத்துப் பார்த்தாள். சுவர் சுவர் மாதிரி குளிர்ந்து கிடந்தது.

ரேஷ்மி பிள்ளையோடு வந்த அன்று நல்ல மழை. பின்னாலேயே முத்துக்கனியின் ஆட்டோவும் வந்து நின்றது. அதன் பின்சீட்டில் சுருட்டிக் கட்டிய ஒரு மெத்தை இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தேன் என்றாள். குளியில் ஏதாவது பிசகு கண்டால் அப்படியே ஈத்தாமொழிக்கு ஏற்றிக்கொண்டு போவாள் என்பது எல்லாருக்கும் விளங்கியது. ஆட்டோக்காரன் போகாமல் ரோட்டோரம் நின்றான். தங்கலீலா அந்த மெத்தையைப் பார்க்காமல் நடந்தாள்.

இலை போட்ட வேதுவெள்ளம் அடுக்களை கேஸ் அடுப்பில் கொதித்தது. ஒரு பானைதான். கலக்கவும் ஊற்றவும் வேண்டிய மிச்சமெல்லாம் குழாயிலிருந்து வரவேண்டும். ரேஷ்மிக்கு எண்ணெயும் மஞ்சளும் தேய்த்து, முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, முத்துக்கனி சேலையைத் தூக்கிச் சொருகினாள். தங்கலீலா வெளியே நின்று மணிச் சுவிட்சை அமுக்கினாள். இரைச்சல் கேட்டது. வெற்றிலை இல்லாததால் அவளுக்கு நேரம் தெரியவில்லை. போதும் என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் கையை எடுத்தாள்.

முதல் வாளியில் இலைவெள்ளத்தைக் கலந்து முத்துக்கனி இடுப்பில் அடித்து ஊற்றினாள். ரேஷ்மி பல்லைக் கடித்தாள். இரண்டாவது வாளிக்குக் குழாயைத் திறக்கும்போது முத்துக்கனி மருமகளுக்கும் குழாய்க்கும் நடுவில் தன் உடம்பைக் கொடுத்து நின்றுகொண்டாள். பீச்சிய வெள்ளம் அவள் முதுகில் விழுந்தது. சூடு. மூன்றாவது வாளிக்கு அப்படி நிற்கவில்லை. சாதாரணமாகத் திறந்தாள்.

வெளியே நின்ற தங்கலீலாவுக்கு வெள்ளம் விழும் சத்தத்தோடு மகளின் பேச்சும் கேட்டது.

"மாமி, இஞ்ச இப்ப நாறல்லியா?"

"ரப்பரத்தான் உரிச்சாச்சே மக்கா. இப்ப தும்புதான்."

"ரெண்டு நாத்தமும் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். கெட்டிட்டு வந்த மொத மாசம் ஒங்க வீட்டுல எனக்குக் கொமட்டல் நிக்கவே இல்ல. நீங்க வேற என்னமோன்னு நெனச்சு மாங்கா வாங்கித் தந்தீங்க."

வாளியைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏட்டி, அது கதம்பலுக்கா?" என்றாள் முத்துக்கனி. "நான் தெருவெல்லாம் சொல்லி வச்சிட்டேனே."

தங்கலீலா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

குளித்து, தலை துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டி ரேஷ்மியைப் படுக்க வைத்தார்கள். காயமருந்து உருண்டையை விழுங்கிவிட்டுப் பிள்ளையை அணைத்தபடி அவள் தூங்கிப்போனாள். முத்துக்கனி உடம்பெல்லாம் நனைந்து, நெற்றியில் இலை ஒட்டியிருக்க முன்வாசலுக்கு வந்தாள். ஆட்டோக்காரன் இன்ஜினைப் போட்டான். கோலப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தங்கலீலா கருப்பட்டிக் காப்பியை நீட்டினாள். முத்துக்கனி வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"ஏலே, நீ போ" என்றாள் ஆட்டோக்காரனிடம். "மெத்தைய மட்டும் எறக்கி வச்சிட்டுப் போ. குளிமொற முடியுதுவர நான் இஞ்சதான் கெடப்பேன். வீட்டுல சொல்லீரு."

ஆட்டோ வளைவு திரும்பி மறைந்தது. சுருட்டிய மெத்தை வராந்தாவில் கிடந்தது. குழாயின் வெளிச்சூடு அற்றுப்போன நாளிலிருந்து இடம் தேடிக்கொண்டிருந்த பூனை அதன்மேல் ஏறி வட்டம் சுற்றிப் படுத்தது. தங்கலீலா விரட்டவில்லை. மறுநாள் முதல் வெட்டுக்குப் போகலாமா, இன்னும் இரண்டு நாள் லீவு சொல்லலாமா என்று யோசித்தபடி மகளின் முறிக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளையின் மூக்கு அவளுடைய அம்மாவின் மூக்குதான். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

அப்போது வீட்டின் கிழக்குக் கோடியில் பம்பு இரைந்தது. யார் குளிக்கிறார்கள் என்று கோலப்பன் தலையைத் திருப்பினார். நனைந்த சேலையோடு நின்ற முத்துக்கனியைக் காணவில்லை. காப்பிக் கிளாஸ் மட்டும் திண்டில் இருந்தது. கோலப்பனும் தங்கலீலாவும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கொஞ்சநேரத்தில் இரைச்சல் நின்றது. சூடு வந்திருக்கும்.